ஆடி மழையில் ஒரு கம்பளி

கம்பளி காய்ந்திருந்தது.

ஈரம் கொஞ்சம் குறைந்திருந்தது என்று சொல்லவில்லை. சுடாத அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

விடிந்தும் விடியாத நேரம். மழை அப்போதுதான் நின்று சற்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முற்றத்துப் புல் ஊறிப்போய்ப் படுத்துக் கிடக்கிறது. நடுவில் என் வீட்டுக்காரரின் கறுப்புக் கம்பளி மட்டும் மழை என்றால் என்னவென்றே தெரியாததுபோல் விரிந்து கிடக்கிறது.

எங்கள் வண்டிப்பெரியாரில் ஆடி மாதம் எதுவும் காயாது. தீப்பெட்டி காயாது, உப்பு காயாது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்கூடக் கொஞ்சம் சொதசொதவென்றுதான் வரும். போன வருஷம் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் முளைத்த காளானைப் பறித்துக் குழம்பு வைத்தேன். எஸ்டேட் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கொடுத்தும் மிச்சம் இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில்தான் என் வீட்டுக்காரர் யாக்கோபு கடவுளிடம் இந்த அடையாளத்தைக் கேட்டிருந்தார்.

எங்கள் ஒரே மகள் ஷீனாவுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒரு பதில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். இதற்காக இரண்டு வருஷம் அந்தப் பாஷையைப் படித்தாள். அவள் உரக்கப் படிக்கிற சத்தம் தாங்காமல் எங்கள் பூனை வீட்டை விட்டே போய்விட்டது.

'போகாதே' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைக் கடவுள் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார்.

வேதத்தில் ஒருவர் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டாராம். சுற்றிலும் பனி பெய்தும் தோல் மட்டும் காய்ந்திருந்தால் அதுதான் தேவசித்தம் என்று கேட்டாராம். ஆட்டுத்தோலுக்கு நாங்கள் எங்கே போவது? தேயிலைக் கொழுந்துக் காட்டில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற கம்பளிதான் வீட்டில் இருந்தது.

"ராத்திரி பூரா முத்தத்துல கெடக்கட்டும். காலையில காஞ்சிருந்தா நீ போ" என்றார் நேற்றுச் சாயங்காலம் மகளிடம்.

ஷீனா "சரிப்பா" என்று தானே தூக்கிக்கொண்டு போனாள். மழையில் நனைந்துகொண்டே நான்கு மூலையையும் இழுத்துவிட்டு, கட்டிலுக்கு விரிப்பு போடுவதுபோல் அவ்வளவு ஒழுங்காக விரித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டாள்.

அவர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாளால் சும்மா இருக்க முடியுமா? "நாங்கன்னா மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியோட முடிச்சிருப்போம். உங்க ஆளு கடவுளுக்கே பரீட்ச வைக்காரே!" என்றாள்.

எனக்கும் மகளைப் பிரிய ஆசையில்லை. ஆனால் பரீட்சை வைத்தால் கேள்வியாவது நியாயமாக இருக்கவேண்டாமா?

ஆண்டவருக்குக் கொஞ்சம் கைகொடுப்போம் என்று தீர்மானித்தேன். விடியுமுன் படுக்கையில் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து, அடுப்புக்கு மேலே புகையில் கிடந்து காய்ந்த என் சொந்தக் கம்பளியைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஈரக் கம்பளியை எடுத்துவிட்டு இதை விரித்துவிடலாம். இரண்டும் ஒரே கறுப்பு.

வந்து பார்த்தால் ஆண்டவர் எனக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட்டார்.

பிறந்ததிலிருந்து ஜெபிக்கிறேன். கேட்டது கிடைத்தால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று ஒரு போதகரும் சொன்னதில்லை.

ஷீனாவின் வேலையோ? ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் பாய்த்தடத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

கத்தரீனாளோ? அவள் வீட்டுக் கதவைத் திறந்தால் குமுளிவரைக்கும் கேட்கும்.

மேகத்தில் ஓட்டை ஏதாவது தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். மூக்கில் ஒரு சொட்டு விழுந்ததுதான் மிச்சம்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து அவர் பல் தேய்த்தபடி வந்தார். குனிந்து கம்பளியைத் தொட்டார்.

"காஞ்சிருக்கு. தேவசித்தம். அவ போகட்டும்."

பிறகு என்னைப் பார்த்தார். "ஏளா, வயிறு என்ன இம்புட்டுப் பெருசா இருக்கு?"

"குளிருது" என்றேன்.

சத்தம் கேட்டு ஷீனா ஓடிவந்தாள். கம்பளியை அப்படியே வாரி எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முகத்தை எடுக்கவே இல்லை. அழுகிறாளா, சிரிக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நிமிர்ந்தாள். "புதுத் தேயில வாசம் அடிக்குதுப்பா."

எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கிற டிரையர் பக்கத்தில் முப்பது வருஷம் நின்று ரிட்டயரானவர் அவர். கொழுந்து குவிகிற ஆடியில் அது ராத்திரியும் ஓடும். அந்த அனலுக்கு முன்னால் நனைந்த யானையைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

அவர் வாய் கொப்பளிக்கத் தொடங்கினார். பெரியாற்றில் பாதியைக் கொப்பளித்துத் துப்பியிருப்பார். அவ்வளவு நேரமும் மகள் கம்பளியை விடாமல் அவர் எதிரிலேயே நின்றாள்.

"கர்த்தர் நேத்தே சொல்லிட்டாரு தாயி" என்றார். "மழதான் கேக்க மாட்டேங்குது."