கீரி இல்லாத கூடை

அடைகாத்த புள்ளிக்கோழிக்கு அடிக்கடி கீரி நினைப்பு வந்தது. வந்தால் பதறி எழுந்துவிடும், முட்டைகள் ஆறிப்போகும். இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்கக் கூடையில் இரும்பாணி போட்டிருந்தார்கள். கீரி நினைப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால், இனி கீரியை நினைப்பதே இல்லை என்று முடிவுகட்டி, பக்கத்து வாத்தைக் காவலுக்கு வைத்துக்கொண்டது.

வாத்து பொறுப்பான பிறவி. வேளைக்கு ஒருதரம் கூடைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டது: "கீரியை நினைச்சியாக்கா?"

"எந்தக் கீரி? எனக்குக் கீரி ஞாபகமே இல்லையே! நான் எதுக்குக் கீரியை நினைக்கப்போறேன்?"

இப்படியே, இல்லாத பல்லைக் கடித்துக்கொண்டு, இருபத்தோரு நாளும் எழாமல் உட்கார்ந்து கோழி ஜெயித்துவிட்டது.

முதல் முட்டை பொரிந்தது. உடைந்த ஓட்டைத் தலையில் சுமந்தபடியே குஞ்சு கேட்டது:

"அம்மா, கீரி போயிடுச்சா?"