ஒழுங்காக வந்த படம்

கனடாவின் வடகோடியில், லாப்ரடாரில் இருக்கும் எங்கள் சுரங்க அலுவலகத்துக்கு டொராண்டோ தலைமை அலுவலகக் கூட்டத்தின் நேரலை ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. வடக்கே உள்ள ஆறு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே சாட்டிலைட் இணைப்பு. ஆறு அலுவலகமும் ஒரே நேரத்தில் பார்க்க உட்கார்ந்தால், திரையில் கம்பெனித் தலைவர் வாயைத் திறந்தபடியே உறைந்துவிடுவார். அதனால் முறை வைத்து, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு அலுவலகம் நேரலையை அணைத்துவிடும்.

அன்று படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"அட, இந்த மனுஷனுக்குப் பல்லெல்லாம் இருக்கே!" என்றார் மேலாளர் வெர்னா. எல்லாரும் சிரித்தார்கள்.

"கிளைட், என்னப்பா மாயம் பண்ணினே?"

இணைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "நான் எதையுமே தொடலை" என்றேன்.

"அப்ப நாம கெஞ்சினது வீண் போகலை. பெரிய லைனா குடுத்துட்டாங்க!" வெர்னா டோனட் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

நான் வெளியே வந்து, அந்த ஆறில் இன்னொரு அலுவலகத்தில் இருக்கும் ரேமண்டுக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு அணைக்கிற முறை யாருது? படம் சூப்பரா வருது."

"என்ன படம்?"

"தலைவர் பேசுறாரேப்பா."

"இன்னைக்கா? எங்களுக்கு அழைப்பே வரலையே. மத்த நாலு ஆபீஸ்லயும் யாரும் ஒண்ணும் சொல்லலை."

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"வெர்னா..."

"ஷ்ஷ், பேசாதே! இன்னைக்குத்தான் ஒழுங்கா கேக்குது."

திரையில் தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"லாப்ரடார் நண்பர்களே, உங்க இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி. இந்த மாசத்தோட..."

ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.