ஒரு கை சர்க்கரை

பாட்டிலில் ஒரு கை அளவு குறைந்திருந்தது.

இராமச்சந்திரன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். போன ஞாயிற்றுக்கிழமை கழுத்துவரை இருந்த வெள்ளைத் தூள், இப்போது மூன்று விரல் கீழே கிடந்தது.

கல்லில் ஏறிய துருக்கறையை எடுக்கிற ஆக்சாலிக் அமிலம் அது. பார்ப்பதற்கு அசல் சர்க்கரை. வயிற்றுக்குள் போனால் ஆளையே எடுத்துவிடும்.

பாட்டிலோ பழைய ஊறுகாய் பாட்டில். மேலே பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டேயிருந்தான். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

காலடியில் வாளித் தண்ணீரில் கல்மரத் துண்டு ஊறிக்கொண்டிருந்தது. கோடி வருஷத்துக்கு முன்னால் மரமாக நின்று, மண்ணில் புதைந்து, கல்லாகவே மாறிப்போனது. விழுப்புரம் பக்கம் ஒரு விவசாயியிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே மைசூர்வரை கொண்டுவந்திருந்தான். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஏழாம் நாள் முழுக்க இந்தக் கல்தான். பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க மரத்தின் வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

அதுதான் வினையாகிவிட்டது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால், குளியலறையிலிருந்து ஜோதிமணி மகளுக்குக் குரல் கொடுத்தாள். "அஷ்வினி, கீழ்வீட்டு லிங்கம்மா ஆன்ட்டி டப்பாவைக் குடுத்துட்டு வா கண்ணு. வெறும் டப்பா குடுக்கக் கூடாது, ஒரு கை சக்கரை போட்டுக் குடு."

சமையலறை டப்பாவில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அவன் கல் தேய்க்கிற இடத்தில், பாட்டில் வைத்திருந்த வாஷிங் மெஷின் பக்கம் அஷ்வினி வந்து நின்றாள். "அப்பா, இதுலேர்ந்து எடுத்துக்கட்டா?"

அவன் தலையை நிமிர்த்தாமல் 'ம்' என்றான். அந்த 'ம்' இப்போதுதான் அவனுக்கே கேட்டது.

சமையலறையில் ஜோதிமணி, பால் திரிந்துபோனதற்குக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லக்கூட நிற்காமல், செருப்பும் போடாமல் கீழே ஓடினான்.

லிங்கம்மாவின் புருஷன் ஜடையன் பேப்பரும் கையுமாக, உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

"அஷ்வினி கொண்டுவந்த சக்கரை எங்கே, லிங்கம்மாக்கா?" அவனுக்கு மூச்சு வாங்கியது.

லிங்கம்மா கன்னடக்காரி. பத்து வருஷப் பழக்கத்தில் தமிழ் நன்றாகவே வரும். "அது அப்பவே உங்க வீட்டுக்கு வந்துடுச்சே. நேத்து பணியாரம் அனுப்பின உங்க தூக்கு இங்கேயே இருந்துச்சு. வெறும் தூக்கு எப்படிக் கொடுக்கறது? எங்க டப்பாவும் காலி. அதான் அந்தச் சக்கரையவே அதுல கொட்டி, பாப்பா கையிலேயே கொடுத்துட்டேன்." புருஷன் பக்கம் கண்ணைக் காட்டினாள். "இவருக்குப் பால் ஆகாது. வெறும் டிகாஷன்ல மூணு கரண்டி சக்கரை வேணும். கடைக்குப் போங்கன்னா முறைக்கிறாரு."

அவன் பாதிப் பேச்சிலேயே திரும்பி ஓடினான்.

படியில் அஷ்வினி எதிரே இறங்கி வந்தாள். கையில் மூடி போட்ட செம்பு. அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"பால் குடிச்சியா? உண்மையைச் சொல்லு."

"இல்லப்பா. அம்மா சக்கரை போட்டதும் திரிஞ்சுபோச்சு. அப்புறம் லிங்கம்மா ஆன்ட்டிகிட்ட ஒரு செம்பு பால் வாங்கிட்டு வந்தேன். அதுவும் திரிஞ்சுபோச்சு."

அமிலம் பட்டால் பால் திரியத்தானே செய்யும். போன உயிர் திரும்பி வந்தது. திரிந்த பாலுக்கு இப்படி நன்றி சொன்னவன் ஊரில் வேறு எவனும் இருக்க மாட்டான். மகளின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான்.

"பார்த்துப் போ கண்ணு" என்று ஒதுங்கி வழிவிட்டான்.

சமையலறையில், தூக்கில் வந்ததைக் கொட்டி வைத்திருந்த சர்க்கரை டப்பாவை அப்படியே ஒரு கவரில் கவிழ்த்துக் கட்டினான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

ஜோதிமணி அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "ஏனுங்க, மரம் கல்லானதைப் பார்த்தது பத்தாதுங்களா? எங்களையும் கல்லாக்கிப் பார்க்கோணுமா?"

திட்டு இனித்தது. இன்னும் நாலு திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் அவள் மேற்கொண்டு திட்டவில்லை. காலி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"புள்ளைய லிங்கம்மாளோட செம்பைத் திருப்பிக் குடுக்கத்தானுங்க அனுப்பினேன்" என்றாள். "வெறுஞ் செம்பையா குடுத்தனுப்புவாங்க?"

கீழ்வீட்டிலிருந்து டிகாஷன் வாசம் படியேறி வந்தது.

திரிந்து காட்டிக்கொடுக்க, ஜடையனின் காபியில் பால் கிடையாது.