ஹில்லி வீட்டு டேலியா

"நான் கிழங்கைத் தோண்டவே இல்லை, யான்னி. குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ளயேதான் கெடந்துச்சு. கர்த்தர் பாத்துக்கிட்டார்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஹில்லி ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அவள் பின்னால் வரிசையாகச் சிவப்பு டேலியா. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

யான்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அறுப்புப் பண்டிகைக்கும் கோயில் பீடத்தில் ஹில்லியின் பூதான் நிற்கும்.

"கேட்டீங்களா அந்தப் பெருமையை?" என்றாள் கணவனிடம். ரூலோஃப் சிரித்துக்கொண்டே செடிக்குக் கம்பு கட்டினார்.

மண்ணிலேயே விட்டால் குளிரில் அழுகிவிடும் என்று, முதல் உறைபனியில் இலை கறுத்ததும் அவர் தங்கள் கிழங்குகளைத் தோண்டினார். காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, நிலவறையில் பெட்டி பெட்டியாக வைத்தார். குளிர்காலம் முழுக்க இறங்கி இறங்கிப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பதுபோல.

ஆனாலும் நடும் நேரத்தில் ஒரு பெட்டி காலி. வருஷா வருஷம் இதே கதை.

"எலி" என்றார் ரூலோஃப்.

"காகிதத்தை மடிச்சு வெச்சிட்டுப் போற எலியா?"

மே மாதம், கடைசி உறைபனி விழும் என்று ஊர் நம்பும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்த முதல் ஞாயிறு. மூட்டுவலி என்று ரூலோஃப் கோயிலுக்கு வரவில்லை. பாதி வழியில்தான் யான்னிக்கு நினைவு வந்தது, மிட்டாயை எடுக்க மறந்தது. பெப்பர்மிண்ட் இல்லாமல் போதகரின் பிரசங்கத்தைத் தாங்க முடியாது. திரும்பி வந்தாள்.

கோயிலுக்குப் போய்விட்ட ஹில்லியின் தோட்டத்தில் ரூலோஃப் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் கிழங்குப் பெட்டி.

"மூட்டுவலின்னீங்க?"

அவர் கையிலிருந்த கிழங்கை மண்ணில் வைத்தார்.

"நாம இங்க குடிவந்த வருஷம், அவங்க புருஷன் லாம்மெர்ட் தவறி ஆறு மாசம். அவர் நட்டது முளைக்குதான்னு தினம் காலைல குனிஞ்சு குனிஞ்சு பாப்பாங்க. அவங்க இல்லாதப்ப நான் கிளறிப் பாத்தேன். எல்லாம் அழுகிக் கூழாக் கெடந்துச்சு. எப்படி யான்னி சொல்றது?"

"அதுக்கு வருஷா வருஷமா?"

"அவங்கதான் தோண்ட மாட்டேங்கறாங்களே."

யான்னி பாவாடையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். "தள்ளுங்க. ஆழம் பத்தாது."

செப்டம்பரில் ஹில்லி மறுபடி வேலிக்கு வந்தாள், பின்னால் அதே சிவப்புப் பூக்கள்.

"இந்த வருஷமும் தோண்டலை, யான்னி. என் லாம்மெர்ட் நட்டதாச்சே, தானா வருது."

ரூலோஃபின் முகம் மலர்ந்தது. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஆமாக்கா, அவர் கைராசி" என்றாள் யான்னி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஹில்லி கதவையே பார்த்தாள். "உள்ள போயிட்டாரா?"

"போயிட்டார்."

குரல் இறங்கியது. "லாம்மெர்ட் நட்டது மஞ்சப் பூ."

"தெரிஞ்சேதான் இத்தனை பெருமை அடிச்சீங்களா அக்கா?"

"ஒரு வருஷம் ஒண்ணும் சொல்லாம இருந்து பாத்தேன். பூ சரியில்லையோன்னு பாவம், உங்க வீட்டுக்காரர் முகம் வாடி இந்த வேலியையே சுத்திச் சுத்தி வந்தார். அதான் இப்பல்லாம், அவர் காதுல விழற மாதிரி சத்தமாச் சொல்லிடறேன்."