பேஷண்ட் கூட ஒருத்தர்தான்

மருத்துவமனை வாசலில் காவலாளி நோராவை ஆறாவது வாரமாக நிறுத்தினார்.

"பேஷண்ட் கூட ஒருத்தர்தான் மேடம். இன்னொருத்தர் வெளிய உக்காரணும்."

"வாராவாரம் உங்களோட இதே ரோதனையா அண்ணா? நானும் டாடியும்தான் வந்திருக்கோம். கண்ணைத் தொறந்து பாருங்க!"

காவலாளி, அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்.

நோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே ஊசி மருந்து கலந்து தயாராக இருந்தது. நேரம் தவறினால் அத்தனையும் வீண். அப்பாவின் ரத்தப் புற்று யாருக்காகவும் காத்திருக்காது. அந்த மருந்துக்கு இரண்டு கைகள் என்று டாக்டர் விளக்கியிருந்தார். ஒரு கை புற்றணுவைப் பிடிக்கும். மறு கை அதைக் கொல்லக்கூடிய வெள்ளையணுவைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தும்.

அப்பாவின் வலது கையைப் பற்றி இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவர் பின்தங்கினார்.

"டாடி, கொஞ்சம் எட்டிப் போடுங்களேன். உங்களோட மாரடிக்க முடியல!"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் அப்பா டென்சில். "இவங்களாலதான் உன் வேகத்துக்கு வர முடியல."

எரிச்சலோடு திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை. ஆனால் அவருடைய இடது கை பின்பக்கம் நீண்டிருந்தது. புறங்கையில் நான்கு விரல்கள் அழுந்திய பள்ளம் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஆழமாகியது.