டப்பாவைத் தட்டினால் வரும்

காலை வெயிலில், பின்வாசல் படியில், டார்லீன் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோழி ஆலையில் முப்பது வருஷம் கத்தி பிடித்து மடங்கிப்போன விரல்கள் மூடியின்மேல் அசையாமல் கிடக்கின்றன. கீழே புல்லில் கம்பிக்கூண்டு திறந்திருக்கிறது. "நீங்களே தட்டுங்கம்மா. நான் தட்டினா வராது," என்கிறான் நகராட்சி ஆள் கர்ட். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு லொரெட்டா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டுகிறாள். "என் சமையல்கட்டுக்குள்ள வந்து கை நீட்டுது. விரட்டினா கடிக்குது. பிஸ்கட் குடுத்தது நீ, ஊசி மட்டும் எனக்கா?" டார்லீன் அவளைப் பார்க்கவில்லை. "கொன்னுதான் ஆகணுமா, கர்ட்?" "வெறிநோய் இருக்கான்னு மூளையை எடுத்துத்தாம்மா பாக்கணும்." அவள் மூன்று தரம் தட்டுகிறாள். கொட்டகைக்கு அடியிலிருந்து, ராத்திரியில் நடமாடும் காட்டுப்பிராணியான ரக்கூன் வருகிறது, பட்டப்பகலில், மூன்று பேர் நிற்பதைப் பார்த்தும் பயமில்லாமல். அந்தப் பயத்தை ஒரு கோடைகாலம் முழுக்கத் தீனி போட்டுப் போக்கியவள் அவள்தான். கூண்டுக்குள் கிடக்கும் பிஸ்கட்டை அது சட்டை செய்யவில்லை. நேரே படியேறி, குழந்தையுடையதைப் போன்ற கறுப்புக் கையை அவள் முழங்காலில் வைக்கிறது. அவள் கையால் கொடுத்தால்தான் அதற்குத் தின்ற மாதிரி. டார்லீன் எழுந்து கூண்டின் பின்பக்கம் போய் மண்டியிடுகிறாள். கம்பிக்குள் பிஸ்கட்டை நீட்டுகிறாள். "வாடா," என்கிறாள். அது உள்ளே வந்து வாங்கிக்கொள்கிறது.