படத்துக்குள் நுழைந்த கிருமி

அகல்யாவின் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வெளியானதிலிருந்து தேவமலருக்கு வயிறு எரிந்தது. பேராசிரியர் செங்கின் ஆய்வுக்கூடத்தில் மூத்தவள் தேவமலர்தான். ‘இந்தக் கிருமி மனிதத் தொண்டைச் செல்லுக்குள் நுழையாது’ என்பது அகல்யாவின் முடிவு. கட்டுரையில் வந்த, கிருமிகள் எல்லாம் செல்லுக்கு வெளியே நிற்கும் நுண்ணோக்கிப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

ஒரு காலையில் அந்தப் படத்தில் ஒரு கிருமி செல்லுக்குள் இருந்தது. மறுநாள் இன்னும் சில. கட்டுரை பொய்யாகப்போகிறது என்று உள்ளம் குளிர்ந்தபடி அகல்யாவைக் கூப்பிட்டுக் காட்டினாள் தேவமலர்.

“எல்லாம் வெளியதானே இருக்கு, அக்கா.”

“உள்ள இருக்கு லா. யாரோட செல்லு இது?”

“நம்ம எல்லாருக்கும் தொண்டையில பஞ்சு வச்சு எடுத்தோமே. அதுல உங்களோடதுதான் நல்லா வளந்துச்சு.”

தேவமலர் எச்சிலை விழுங்கினாள். தொண்டை வலித்தது. படத்தில் இன்னொரு கிருமி மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.